ஆலகாலி அறுத்த பாவு

"தப்பை நான்தான் மேடம் பண்ணேன். எப்படிப் பண்ணேன்னு மட்டும் தெரியல. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நீங்க கண்டுபுடிச்சுச் சொல்லணும்."

எட்டு வருஷமாக இந்த ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன். 'நான் பண்ணவே இல்லை' என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்த திருடர்களை வண்டி வண்டியாகப் பார்த்தாயிற்று. நான்தான் பண்ணினேன், ஆதாரம் எடுத்துக் கொடுங்கள் என்று வந்து நின்ற முதல் ஆள் இந்தப் பெண்தான்.

பெயர் சுகாசினி. வயது இருபத்தாறு, ஊர் வாலாஜாபாத். காஞ்சிபுரத்தில் உமாபதி என்பவரின் பட்டுக்கடையில் வேலை. போன் கேமரா முன்னால் நின்றுகொண்டு, 'அக்கா, இந்த பார்டரைப் பாருங்க' என்று லைவில் புடவை விற்பாள். லைவில் சிரிக்கிற அந்த முகம் இன்றைக்கு மூன்று நாள் தூங்காத முகமாக இருந்தது.

"உக்காரும்மா" என்றார் அம்சாக்கா.

அம்சாக்கா என் முதலாளி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் பொய் க்ளெய்ம் பிடித்தவர். மேலதிகாரியின் மச்சானுடைய க்ளெய்மையும் பிடித்துவிட்டதால் வேலையை விட்டார். இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறிகிறார். நான் ஜெபகுமார். அசிஸ்டென்ட், டிரைவர், டீ வாங்கி வருகிறவன். வாய்க்குத் தனியாகச் சம்பளம் கிடையாது.

"அஞ்சு மணிக்கு இன்னா?" என்றார் அக்கா.

"மொதலாளி ஒரு லெட்டர் எழுதி வெச்சிருக்காரு. நான் செய்வினை வெச்சேன், தறிப் பாவை அறுத்தேன்னு. அதுல கையெழுத்துப் போடணும். போட்டா போலீஸ்ல கொஞ்சமா சொல்வாராம். போடலன்னா நெறைய சொல்வாராம்."

"சின்ன ஜெயில், பெரிய ஜெயில். ஆஃபர் நல்லாத்தான் இருக்குது" என்றேன். அக்கா முறைத்தார்.

விஷயம் இதுதான். போன மாதம் மூன்று காலை நேரங்களில் உமாபதி வீட்டு வாசலில் ஒரு கறுப்புப் பட்டு நூல் கிடந்தது. ஒவ்வொன்றிலும் ஏழு முடிச்சு, முடிச்சுக்கு முடிச்சு சாம்பல். நாலாவது நூல் போன அமாவாசையன்று வந்தது. அமாவாசையில் தறிக்கு லீவு, தறிக்கூடத்தில் ஆள் இல்லை. அவருடைய மகள் இளவரசியின் கல்யாணப் புடவைக்காகத் தறியில் ஏற்றியிருந்த பாவு, நீளவாக்கில் ஓடும் நாலாயிரத்துச் சொச்சம் இழை, குறுக்கே அறுபட்டுத் தொங்கியது. அதன் மேல் அந்த நூல் கிடந்தது.

"ஏழு முடிச்சு போட்ட நூல் ஆலகாலியோட அடையாளம் மேடம்."

"அது யாரும்மா?"

"போன்ல வாரத்துக்கு ரெண்டு தடவை ஒரு தொடர்கதை வருது. அதுல வில்லி. ஒரு வீட்டை அழிக்கணும்னா மொதல்ல வாசல்ல நூலைப் போடுவா. நான்தான் அவளைக் கூப்பிட்டேன்."

கூப்பிட்ட கதையையும் சொன்னாள். ஊரில் 'நிழல் வகுப்பு' என்று ஒன்று நடக்கிறது. அதில் ஆளுக்கு ஒரு வில்லனையோ வில்லியையோ தேர்ந்தெடுக்க வேண்டும். கதையில் வருகிறவர்களாக இருக்க வேண்டும், நிஜ மனிதர்கள் கூடாது. இருபத்தொரு நாள் கண்ணாடி முன்னால் விளக்கேற்றி அவர்களைக் கூப்பிட வேண்டும். அவர்கள் உடுத்துகிற கலரில் உடுத்தி, அவர்கள் பேசுகிற மாதிரி பேசி, நம்மிடம் இல்லாத தைரியத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசி நாள் உப்புத் தண்ணீரில் முகம் கழுவி, 'போய் வா' என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும்.

"அனுப்பிட்டியா?"

சுகாசினி தரையைப் பார்த்தாள்.

"இல்ல மேடம். ரெண்டு வருசமா அந்தக் கடையில காலைலேர்ந்து நின்னுக்கினேதான் வேலை செய்யறேன். அவ வந்த பதினெட்டாவது நாள், மொதலாளி மூஞ்சப் பார்த்து, 'எனக்கு ஒரு ஸ்டூல் போடுங்க'ன்னு கேட்டுட்டேன். மறுநாள் ஸ்டூல் வந்துச்சு. எப்படி மேடம் அவளைப் போன்னு சொல்வேன்?"

எனக்கு வாயில் நக்கல் எதுவும் வரவில்லை.

"இப்ப நான் தூங்கறப்ப அவ எழுந்து போறா போல. எதிரி பேர எழுதுன்னு வகுப்புல சொன்னப்ப மொதலாளி பேரைத்தானே எழுதினேன். அந்த வீடு நாசமாப் போவட்டும்னு ஒரு நாள் நெனச்சதும் நான்தானே. அதான் கையெழுத்துப் போட்டுடலாம்னு..."

"கையைக் காட்டு" என்றார் அக்கா.

அவள் மணிக்கட்டில் கறுப்பு நூல் ஒன்று இருந்தது. வகுப்பில் அவளே கட்டிக்கொண்டதாம். தடித் தடியாக ஏழு முடிச்சு, ஒவ்வொன்றும் மிளகு அளவுக்கு. அக்கா ஒவ்வொரு முடிச்சாக விரலால் தடவிப் பார்த்தார்.

"சாப்பிட்டுட்டு இங்கியே படு. அஞ்சு மணிக்குக் கடையில பார்க்கறேன். நான் வர்றவரைக்கும் பேனாவைத் தொடாத. ஜெபா, வண்டியை எடு."

---

உமாபதியின் கடை முன்னால், வீடு பின்னால், தறிக்கூடம் அதற்கும் பின்னால். நாங்கள் பக்கத்துச் சந்திலிருந்த வீட்டுக் கேட்டில் நின்றோம். நின்றோம் என்பதைவிட நிறுத்தப்பட்டோம் என்று சொல்வதுதான் சரி.

"யாரு?"

"சுகாசினிக்காக வந்திருக்கோம்."

"அப்ப அங்கியே நில்லுங்க" என்றார் உமாபதி. ஆள் ஒல்லி. நெற்றி நிறையத் திருநீறு, கண் நிறைய வெறுப்பு. நாங்கள் யார், எந்த ஊர், எந்தத் தெரு என்பதெல்லாம் கேட்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவளே ஒத்துக்கினா. அப்புறம் துப்பறிய இன்னா இருக்குது?"

"அவ ஒத்துக்கினது சரியான்னு துப்பறியறேன் உமாபதி சார்."

'சார்' அவருக்குப் பிடிக்கவில்லை. 'ஐயா' எதிர்பார்த்திருப்பார். அக்கா அதைத் தெரிந்தேதான் சொன்னார்.

"தறிக்கூடத்தைப் பார்க்கலாமா?"

"வெளியாளை உள்ள விடறதில்ல."

"சுகாசினி வந்திருக்காளா?"

"அவளா? கடையோட சரி. ரெண்டு வருசத்துல இந்த வீட்டு வாசப்படிய மிதிச்சதில்ல. விடுவோமா?"

"அப்ப பாவை எப்படி அறுத்தா?"

"செய்வினைக்கு வாசப்படி எதுக்கும்மா?"

"செய்வினைக்கு வேணாம் சார். கத்திரிக்கோலுக்கு வேணும்."

அவர் குரல் ஏறியது. "இந்தாம்மா, தை மாசம் என் பொண்ணுக்குக் கல்யாணம். ஆரணியில சம்பந்தம். செய்வினை வெச்ச வீட்டுல பொண்ணு எடுக்கணுமான்னு யோசிக்கறோம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வெச்சவளே எழுதிக் குடுத்தா, அந்தக் காயிதத்தைக் காட்டி இதே மாசம் தட்டு மாத்திடுவேன். அதுக்குக் குறுக்க நீ வராத."

"அந்த நூலுங்களைக் கொஞ்சம் பார்க்கலாமா? கையில எடுத்து யாராவது பார்த்தீங்களா?"

"கையிலயா? பைத்தியமா உனக்கு? சுடுகாட்டுச் சாம்பல் தடவினது. துடைப்பத்தால தள்ளி கவர்ல போட்டு மாட்டுக் கொட்டாய்ல தொங்கவிட்டிருக்குது. போட்டோ இருக்குது, அது போதும். நாலையும் எடுத்துக்கினு போய்ப் பாலாத்துல போடு. வீடாவது சுத்தமாவும். இளவரசி! அந்தக் கவரைக் கொண்டாந்து குடு."

கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. அவர் இரண்டாம் முறை கத்திய பிறகுதான் அந்தப் பெண் வந்தாள். வயது இருபத்துமூன்று இருக்கும். கல்யாணக் களையும் இல்லை, கல்யாணம் தள்ளிப்போன கவலையும் இல்லை. பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக்கொண்டு வந்து, கேட்டுக்கு மேலாக என் நெஞ்சில் விழுகிற மாதிரி எறிந்தாள். இடது கையால்.

கேட் சாத்தப்பட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பார்த்தீங்களாக்கா? பிச்சைக்காரனுக்குக்கூட யாரும் இடது கையால போட மாட்டாங்க. நம்மளக் கண்டா இவங்களுக்கு அவ்ளோ எளக்காரம்."

"வண்டிய ஓட்டு."

"நாலு வார்த்தை கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா இன்னொரு கவர் எறிஞ்சிருப்பா. ஓட்டு ஜெபா."

---

நிழல் வகுப்பு ஒரு மொபைல் கடையின் மாடியில் நடந்தது. நடத்துகிறவர் கைலாசம். முன்பு இதே இடத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். அந்தப் போர்டின் பின்பக்கத்தில்தான் இப்போது 'நிழல்' என்று எழுதியிருந்தது. உள்ளே ஏழெட்டுக் கண்ணாடிகள், ஒரு பக்கம் குத்துவிளக்கு. சுவரில் சாமி படம் ஒன்றுகூட இல்லை.

"கேஸ்ல என்னை இழுத்தீங்கன்னா நான் வேற மாதிரி ஆயிடுவேன்" என்று ஆரம்பித்தார்.

"எந்த வில்லன் மாதிரி?" என்று கேட்டேன்.

"கிண்டல் பண்ணுங்க தம்பி. பாங்க்ல வேலை செய்யற ஒருத்தர், பதினஞ்சு வருசமா ப்ரமோஷன் கேக்கத் தெரியாம இருந்தாரு. ஒரு ராஜா கதையில வர்ற சூழ்ச்சிக்கார மந்திரிய எடுத்துக்கினாரு. மூணாவது வாரம் கேட்டாரு, கெடச்சுது. நல்லவங்களப் பார்த்துப் பணிவைக் கத்துக்கறோம், பொறுமையைக் கத்துக்கறோம். எனக்கு வேணும்னு கேக்கறத யாருகிட்ட கத்துக்கறது? வில்லன்தான் கேக்க வெக்கப்பட மாட்டான்."

அந்த ஆளைப் பிடிக்காமலே, அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துத் தொலைத்தது.

அக்கா கேட்டார்: "அனுப்பாம வெச்சிருந்தா அது எழுந்து போய் வேலை செய்யுமா?"

கைலாசம் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது ஒரு வேஷம் மேடம். மனசுல போட்டுக்கற சட்டை. கழட்டலன்னா சொந்தச் சட்டை எதுன்னு மறந்துபூடும், அவ்ளோதான். அதுக்குக் காலும் கெடையாது, கத்திரிக்கோலும் கெடையாது."

"இதை சுகாசினிகிட்ட சொன்னீங்களா?"

"அந்த மொதலாளி ரெண்டு ஆளோட வந்து மிரட்டினாரு. நான் ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் சொல்லல."

"உங்க மந்திரி நல்லா வேலை செய்யறாரு" என்றேன். அவர் என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார்.

அக்கா மேஜை மேலிருந்த நூல்கண்டைக் கையில் எடுத்தார். "கதையில ஆலகாலி கட்டறது பட்டு நூல். நீங்க குடுக்கறது?"

"பருத்தி. பட்டுல முடிச்சு நிக்காது மேடம், வழுக்கும். மொதல் பேட்ச்லயே எல்லாருக்கும் அவுந்துபோச்சு. வகுப்புக்கு வந்தவங்க யாரும் பட்டைத் தொட மாட்டாங்க."

"ஆலகாலி கதை படிக்கிறவங்க இங்க வேற யாரு?"

"சுகாசினி மட்டும்தான்."

படி இறங்கும்போது அக்கா கவரைப் பிரித்து, ஒரு நூலை எடுத்து, என் மூஞ்சிக்கு நேராக நீட்டினார். நான் இரண்டு படி தள்ளி இறங்கினேன். சர்ச்சுக்குப் போகிறவன்தான், இருந்தாலும் சுடுகாட்டுச் சாம்பலிடம் மதம் பேச முடியாது.

"பயந்து சாவாத. கண்ணை மூடிக்கினு ஒரு தடவை உருவு. எத்தனை முடிச்சு தட்டுப்படுது?"

உருவினேன். மறுபடியும் உருவினேன். விரலில் ஒன்றுமே தட்டுப்படவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் கறுப்பு நூலில் ஏழு இடத்தில் சாம்பல் படிந்திருந்தது. முடிச்சு மட்டும் இல்லை.

"முடிச்சே இல்லக்கா!"

"இல்ல. ஏழு முடிச்சுன்னு ஊரே சொல்லுது, ஒருத்தரும் தொட்டுப் பார்க்கல. நூலைத் தொட்டே பொழைக்கிற தெரு அது. பயம் வந்ததும் பார்த்தியா, எல்லாரும் துடைப்பத்தைத் தேடிட்டாங்க. வா, தொடறவங்க ஒருத்தரைப் பார்ப்போம்."

---

பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்கூடத்தில் பூவம்மாள் வேலையாக இருந்தார். பழைய பாவு முடிந்து புதுப்பாவு ஏற்றும்போது, பழைய இழையையும் புது இழையையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பிணைக்க வேண்டும். ஊரில் பல வீடுகளுக்கு அதைச் செய்து கொடுக்கிறவர் அவர்தான். தறிக்கு முன்னால் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். நாங்கள் யாருக்காக வந்திருக்கிறோம் என்று கேட்டதும் முகம் சுருங்கியது.

"அந்தச் செய்வினைக்காரிக்கா? வெளிய போங்க. வேலை செய்யற எடத்துல அந்த எழவைக் கொண்டாராதீங்க."

அக்கா போகவில்லை. அவர் பக்கத்தில் இருந்த தேங்காய் ஓட்டைக் குனிந்து பார்த்தார். பாதி ஓடு நிறையச் சாம்பல்.

"இது எதுக்கும்மா?"

"எதுக்கா? விரல் வழுக்காம இருக்க. சாம்பல் தொட்டாத்தான் பட்டு இழை ஒண்ணோட ஒண்ணு புடிக்கும். இதுகூடத் தெரியாமத்தான் துப்பறியறியா?"

"எந்தச் சுடுகாட்டுச் சாம்பல்?"

"என் வீட்டு அடுப்புச் சாம்பல்!"

அக்கா கறுப்பு நூலை எடுத்து அந்தத் தேங்காய் ஓட்டின் விளிம்பில் வைத்தார். இரண்டு சாம்பலும் ஒரே நிறம்.

"பேயைப் புடிக்க வந்தோம், அடுப்பைப் புடிச்சிருக்கோம்" என்றேன்.

பூவம்மாள் என்னைத் திட்ட வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். நூலையே பார்த்தார். பிறகு, கை தானாகப் போவது போல, அதை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு உருவினார். அவர் முகத்தில் பயம் போய் எரிச்சல் வந்தது.

"முடிச்சுன்னு எவன் சொன்னது? இது பிணைப்பு. எட்டுத் துண்டை ஏழு எடத்துல முறுக்கி ஒட்டியிருக்குது. பாவு இழைக்கு முடிச்சு போட மாட்டோம் நாங்க. போட்டா இழை நுழையற அச்சுப் பல்லுல போய் மாட்டும். சின்ன வயசுல முடிச்சு போட்டா எங்கம்மா விரல்லியே அடிக்கும். அப்புறம் ரெண்டு இழை கைக்கு வந்தா விரல் தானா முறுக்கத்தான் பார்க்கும், முடிச்சு போடணும்னே தோணாது."

"அப்ப இதைச் செஞ்சது தறிக்காரங்க கை."

"ஆமா. நல்லாப் பழகின கை."

"அறுந்த பாவைப் பார்த்தீங்களா?"

"நாளைக்கு அதைப் பிணைக்கத்தானே என்னைக் கூப்பிட்டிருக்காங்க. அதான் எனக்கும் புரியல. அச்சுலேர்ந்து ஒரு முழம் விட்டு, திரும்பப் பிணைக்க வாகா அறுத்திருக்குது அந்தப் பேய். அழிக்க வந்தது எதுக்கு ஒரு முழம் விடணும்? பட்டு வீணாப் போவக்கூடாதுன்னு பேய்க்கு இன்னா அக்கற?"

பேசிக்கொண்டே நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"இன்னாம்மா?" என்றார் அக்கா.

"முறுக்கு எதிர்ப்பக்கமா ஏறியிருக்குது. நாங்கல்லாம் வலது கைல உருட்டுவோம். இது..." பூவம்மாள் நூலைக் கீழே போட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்கு எனக்கு அந்த வீட்டுலதான் வேலை. எழுந்து போறீங்களா, கத்தட்டுமா?"

வெளியே வந்து வண்டியை உதைத்தேன். அக்கா ஏறவில்லை.

"ஜெபா, காலைலேர்ந்து புலம்பிக்கினு இருக்கியே. அந்தக் கவரை எந்தக் கையால எறிஞ்சா?"

"எடது கையால. அந்தத் திமிரை நான் சாகறவரைக்கும்..." அங்கேயே நின்றுவிட்டேன்.

"ஊரே துடைப்பத்தால தள்ளின நூலை, மார்க்கெட்ல கறிவேப்பிலை வாங்கினா மாதிரி வெறுங்கைல தூக்கிக்கினு வந்தா. அதுவும் எடது கைல. உனக்கு அவமானம்தான் தெரிஞ்சுது, கை தெரியல. உன்மேல தப்பு இல்ல. எறியப்பட்டே பழகினவங்களுக்கு எறியறதுதான் கண்ணுல படும்."

"அப்ப அவளோட கல்யாணப் புடவைய அவளே அறுத்தாளா? எதுக்குக்கா?"

"அந்தப் புடவையக் கட்டக்கூடாதுன்னுதான்."

மணி நாலரை.

---

கடைக்குள் நுழைந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. மேஜை மேல் காகிதம், பேனா, கைநாட்டு மை டப்பாகூட. சுகாசினி எம்.காம். படித்தவள் என்று அங்கே யாருக்கும் ஞாபகமில்லை. சாட்சிக்கு என்று தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் நாற்காலியில் இருந்தார்கள். வீட்டுக்குப் போகிற கதவில் சாய்ந்தபடி இளவரசி நின்றாள். சுகாசினி மேஜைக்கு முன்னால் நின்றிருந்தாள். அவளுடைய ஸ்டூல் சுவரோரமாகத் தள்ளப்பட்டிருந்தது.

"நல்ல நேரத்துல வந்தே. நீயும் சாட்சி போடு" என்றார் உமாபதி.

அக்கா கறுப்பு நூல் ஒன்றை மேஜையில் வைத்தார். பெரியவர்கள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்கள்.

"இதைத் தொட்டுப் பார்த்துட்டு அப்புறம் கையெழுத்து வாங்குங்க உமாபதி சார்."

"எடுத்துக்கினு போ அதை!"

"நீங்க தறியில உக்காந்து வந்தவர்தானே? ஒரு இழை நூலைத் தொட பயமா?"

பெரியவர்கள் அவரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்காகத்தான் அக்கா அதைச் சொன்னதே. உமாபதி பல்லைக் கடித்துக்கொண்டு நூலை எடுத்தார். உருவினார். அவர் விரல் முதல் ஒட்டில் நின்றது. கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். இரண்டாவது ஒட்டு, மூன்றாவது ஒட்டு. ஏழாவது வரைக்கும் போக வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. அந்தக் கைக்குப் பிணைக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் இளவரசி நின்ற கதவுப் பக்கம் திருப்பினார்.

"முறுக்கு எந்தப் பக்கமா ஏறுதுன்னு சாட்சிக்காரங்களுக்குச் சொல்லுங்க" என்றார் அக்கா.

பெரியவர்களில் ஒருவர், "இன்னாப்பா, காட்டு" என்று கையை நீட்டினார்.

உமாபதி நூலைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து சுகாசினியின் பக்கம் தள்ளினார்.

"நூல்ல ஒண்ணும் இல்ல. மணி அஞ்சாவுது. போடு கையெழுத்து."

எத்தனையோ அயோக்கியர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மை கையிலேயே கிடைத்த பிறகு அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அப்பாவியைப் பார்த்துப் பேனாவை நீட்டிய மனுஷனை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த ஆலகாலி இவர் கால்தூசி பெறமாட்டாள்.

"ஒண்ணுதான் சார் உங்க பையில இருக்குது" என்றார் அக்கா. "மீதி மூணு என் பையில. எங்க வேணும்னாலும் காட்டலாம். தறி தெரிஞ்ச எந்தக் கைலயும் குடுக்கலாம்."

சுகாசினி உமாபதியின் பையைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். கடைசியில், மெதுவாக, கதவுப் பக்கம் பார்த்தாள்.

"நீயா?" என்றாள்.

இளவரசியின் இடது கை கதவு நிலையைப் பிடித்தது.

"அந்தக் கதையை உனக்குப் படிக்கக் குடுத்ததே நான்தானே. லைவ் முடிஞ்சதும் என் போனை வாங்கிப் படிப்பியே. மூணு நாளா நான் தூங்கல. என் கையே என்னை மீறிப் போவுதுன்னு ராத்திரி கையைக் கட்டில்ல கட்டிக்கினு படுத்தேன். ஒரு வார்த்தை சொல்லலியே நீ."

"நீ போட மாட்டேன்னு நெனச்சேன்" என்றாள் இளவரசி. "இவர் மூஞ்சப் பார்த்து ஸ்டூல் கேட்டவ நீ. காயிதத்தைக் கிழிச்சு எறிஞ்சிடுவேன்னு நெனச்சேன். நீ கிழிச்சிருந்தா இந்தக் கல்யாணமும் நின்னிருக்கும்."

"நான் நிறுத்தணும். நீ கதவுல சாஞ்சுக்கினு நிக்கணும். நல்லா இருக்குது."

"உள்ள போடி!" என்று உமாபதி உறுமினார். இளவரசியின் தோள் குறுகியது. அந்த ஒரு சத்தத்தில் அவள் இருபத்துமூன்று வருஷமும் தெரிந்துபோனது. கோபத்துக்கு நடுவிலும் எனக்குப் பாவமாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

சுகாசினி பேனாவை எடுத்தாள். அவள் மூடியைத் திருகி மூடி, மை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு மணிக்கட்டிலிருந்த கறுப்பு நூலைப் பல்லால் கடித்து அவிழ்த்து, எழுதி வைத்திருந்த காகிதத்தின் மேல் போட்டாள். மிளகு மிளகாக ஏழு முடிச்சு.

"முடிச்சுன்னா இதுதான்" என்றாள் பெரியவர்களிடம். "எங்க வீட்டுல எல்லாம் இப்படித்தான் போடுவோம்."

உமாபதி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். இவ்வளவு நடந்தும் அவருக்கு அந்த நூலைக் கண்டு பயம் போகவில்லை.

"வகுப்புல 'போய் வா'ன்னு சொல்லி அனுப்பச் சொன்னாங்க. நான் சொல்லப்போறதில்ல. ஆலகாலி இங்கியே இருக்கட்டும். எனக்கு இனிமே அவ தேவப்படல. இந்த வீட்டுல ஒருத்திக்கு ரொம்பத் தேவப்படுறா."

சொல்லிவிட்டு அவள் வாசலை நோக்கி நடந்தாள். அக்கா நடந்தார். நான் கடைசியாகக் கிளம்பினேன், அதனால் மீதியையும் பார்த்தேன்.

இளவரசி கதவைவிட்டு வந்தாள். காகிதத்தின் மேலிருந்த நூலை இடது கையால் எடுத்து, வலது மணிக்கட்டில் சுற்றினாள். அவள் கைக்கு முடிச்சு போடத் தெரியவில்லை. இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை போட்டுவிட்டாள்.

பிறகு சுவரோரம் கிடந்த ஸ்டூலை இழுத்து, அப்பாவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"சம்பந்தி வீட்டு நம்பரைக் குடுங்கப்பா. நானே பேசறேன்."